908: 80 சதவீதத்தை நம்பிப் போன முதல் தடவை

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது, பாஸ். மைஎஸ்கியூஎல் 8.0 என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேருக்கான டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) தேர்வு, நாம் 908 என்று சொல்வது. இது இரண்டாவது தடவை. முதல் தடவை நூலிழையில் போனது, போன இடமும் எனக்குத் தெரியும்: மெமரி. பேக்கப், ரெப்ளிகேஷன், யூசர் பிரிவிலேஜ் பற்றியெல்லாம் ஏராளமான பேர் எழுதிவிட்டார்கள், அதை நான் தொடப்போவதில்லை. கேள்விகளையும் அப்படியே எழுத முடியாது, எழுதமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம்.

படித்தவர்கள் எல்லோருக்கும் ஒரு வாய்ப்பாடு தெரியும்: ரேமில் 80 சதவீதத்தை இன்னோடிபி பஃபர் பூலுக்குக் கொடு (டிஸ்க்கில் உள்ள டேட்டாவை மைஎஸ்கியூஎல் ரேமில் எடுத்து வைத்துக்கொள்ளும் இடம் அது). மேனுவலே அப்படித்தான் சொல்கிறது, ஆனால் "டெடிகேட்டட் சர்வரில்" (டேட்டாபேஸ் மட்டும் ஓடும் பெட்டியில்), "80 வரை" என்று சொல்கிறது. அந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டு 80-ஐ மட்டும் மனப்பாடம் செய்தவன் நான். தேர்வில் மட்டும் இல்லை, வேலையிலும்.

நாகர்கோவிலில் நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு நகைக்கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் ஓடுகிறது. 16 ஜிபி சர்வர். 80 சதவீதம் என்றால் 12.8, சரி 13 ஜிபி என்று போட்டேன். ரிப்போர்ட் மெதுவாக வருகிறது என்று யாரோ சொன்னதால் சார்ட் பஃபரையும் ஜாயின் பஃபரையும் (வரிசைப்படுத்தவும் டேபிள்களைச் சேர்க்கவும் பூலுக்கு வெளியே எடுக்கும் ரேம்) குளோபலாகவே, அதாவது எல்லா கனெக்ஷனுக்கும், 4 எம்பி ஆக்கினேன், அதற்குமேல் ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் வரலாம் என்ற மேக்ஸ் கனெக்ஷன்ஸை 151-லிருந்து 300 ஆக்கினேன். மூன்று வாரம் ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கொடுமை. பூல் பக்கம் பக்கமாகத்தான் நிரம்பும், அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். அட்சய திருதியை அன்று காலை பதினோரு மணிக்கு கடையிலிருந்து போன். லாகைப் பார்த்தால், ரேம் தீர்ந்துபோனால் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் வந்து மைஎஸ்கியூஎல்லைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறது. திரும்ப எழுந்தபோது பூல் காலி, ஒவ்வொரு பில்லுக்கும் டிஸ்க் வரை போய்வந்தது, கடையில் கூட்டம் கவுண்டரில் நின்றபடியே திட்டிக்கொண்டிருந்ததாம்.

எங்கள் டீம் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "மக்கா, அந்த 80 தனி சர்வருக்கு உள்ளதுல்லா? நம்ம பெட்டியில ஆப்பும் சேந்துல்லா ஓடுது?"

நம்ம ஊரில் இதைப் புரிய வைப்பது சுலபம். பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. ஐப்பசி மழை நேரத்தில் 48-ஐத் தொடும்வரை யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை, முன்னாலேயே உபரி நீரைத் திறந்துவிடுகிறார்கள், ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை வருகிறது. அடுத்த மழைக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான். நான் அணையை 48 வரை நிரப்பி வைத்துக்கொண்டு அட்சய திருதியை மழைக்குக் காத்திருந்திருக்கிறேன்.

இப்போது நான் போடும் கணக்கு தலைகீழ். 80-லிருந்து ஆரம்பிப்பதில்லை, கழித்துக்கொண்டே வருவது. அதே 16 ஜிபிக்கு: ஓஎஸ்ஸுக்கும் சில்லறைகளுக்கும் 1.5. அதே பெட்டியில் ஓடும் பிஎச்பி ஆப்புக்கு 3. மீதி 11.5. கனெக்ஷனுக்கு மேக்ஸ் கனெக்ஷன்ஸைப் பார்க்காமல், உண்மையில் அதிகபட்சம் எத்தனை வந்தது என்று ஸ்டேட்டஸில் பார்த்தேன், 90. பஃபர்களைப் பழையபடி டிஃபால்ட்டுக்கே கொண்டுவந்துவிட்டதால் ஆளுக்கு 2 எம்பி என்று தாராளமாக வைத்தாலும் 200 எம்பிக்குள். டெம்ப் (தற்காலிக) டேபிள்களுக்கு 1 ஜிபி, சர்வர் தன்னைத் தானே அளந்து வைக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா வகையறாவுக்கு 300 எம்பி. கையில் 10 ஜிபி நிற்கிறது. இதையும் அப்படியே கொடுக்கக் கூடாது, ஏனென்றால் பூலுக்கு நீங்கள் சொன்ன அளவுக்குமேல் ஏறக்குறைய 10 சதவீதம் அதன் உள்கட்டமைப்புக்கே போகும். 10-ஐ 1.1-ஆல் வகுத்தால் 9. ஆக 9 ஜிபி. நான் போட்டிருந்தது 13.

தேர்வில் என்னைக் கவிழ்த்தது இன்னொன்று, ரவுண்டிங். பூல் அளவு, சங்க் சைஸையும் (பூலைக் கூட்டிக் குறைக்கும் துண்டின் அளவு) இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையையும் (பூலை எத்தனை பாகமாகப் பிரிக்கிறோம் என்பது) பெருக்கி வரும் தொகையின் மடங்காக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சர்வரே மாற்றிக்கொள்ளும். மாற்றுவது மேல்பக்கம். கீழே இறக்கும் என்று நான் என்ன தைரியத்தில் நம்பினேனோ தெரியாது. சங்க் 128 எம்பி, இன்ஸ்டன்ஸ் 8 என்றால் மடங்கு 1 ஜிபி, நீங்கள் 12.5 கேட்டால் 13 எடுத்துக்கொள்ளும். ரேம் இறுக்கமாக இருக்கும் பெட்டியில் இந்த அரை ஜிபிதான் ஆளைக் கொல்லும். இதை மட்டும் பத்து விதமாகப் போட்டுப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

துண்டு துண்டாகச் சில:

- பூலின் டிஃபால்ட் 128 எம்பி. இதை மாற்றாமலே வருடக்கணக்கில் ஓடும் சர்வர்கள் உண்டு.
- டெடிகேட்டட் சர்வர் ஆப்ஷனைப் போட்டால் பூல் அளவை சர்வரே முடிவு செய்யும்: ரேம் 1 ஜிபிக்குக் கீழே என்றால் 128 எம்பி, 4 ஜிபி வரை பாதி, அதற்குமேல் முக்கால். இங்கேயும் 80 கிடையாது!
- ஜாயின் பஃபர் கனெக்ஷனுக்கு ஒன்று இல்லை. இண்டெக்ஸ் இல்லாத ஒவ்வொரு ஜாயினுக்கும் ஒன்று, ஒரே குவெரியில் மூன்று நான்குகூட வரலாம்.
- கனமான ரிப்போர்ட்டுக்கு சார்ட் பஃபர் வேண்டுமென்றால் அந்த செஷனில் (அந்த ஒரு கனெக்ஷனில்) மட்டும் ஏற்றுங்கள்.
- குவெரி கேஷ் என்று விடை ஆப்ஷனில் கண்டால் தாண்டிப் போங்கள், 8.0-ல் அது இல்லை.
- பூலை சர்வர் ஓடும்போதே மாற்றலாம். மாற்றியது ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டுமென்றால் செட் பெர்சிஸ்ட் என்ற கட்டளை.
- ஹிட் ரேட் (டிஸ்க்குக்குப் போகாமல் பூலிலேயே கிடைத்த பங்கு) 99 சதவீதம் என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். டிஸ்க்கிலிருந்து வினாடிக்கு எத்தனை ரீட் வருகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

நான் எதையும் எழுதிப் பார்த்தால்தான் புரிந்துகொள்ளும் ஆள், வீடியோ பார்த்துப் படிப்பது எனக்கு ஒத்துவராது, உங்களுக்கு ஒத்துவந்தால் பாருங்கள். ஆனால் வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதினால் மேசையில் தாளும் பேனாவும் வைக்கக் கூடாது. முதல் தடவை நான் வாயை அசைத்துக் கணக்குப் போட்டதற்கு, கேமராவில் கண்காணிப்பவரிடமிருந்து எச்சரிக்கை வந்தது, அதன்பிறகு மண்டை ஓடவே இல்லை. வெளியே ஓட்டு வீட்டில் மழை கொட்டுகிறது, அடுக்களையில் அம்மை மரச்சீனி அவிக்கிறாள், கரண்டு போய்விடுமோ என்று வேறு பயம். இரண்டாம் தடவைக்கு முன் பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயர் இழுத்து வைத்தேன். அம்மையிடம் மூன்று மணிநேரம் கூப்பிடாதே என்று சொல்லியும் வைத்தேன்.

மனக்கணக்குக்கு பஸ்தான் உதவியது. தக்கலையில் ஏறினால் நாகர்கோவில் வரும்வரை ஸ்டாப்புக்கு ஒரு கணக்கு, போனைத் தொடாமல், வாயை அசைக்காமல். புலியூர்க்குறிச்சிக்குள் 32 ஜிபி, ஆப் தனிப் பெட்டியில். வில்லுக்குறிக்குள் 64 ஜிபி, இன்ஸ்டன்ஸ் 16, அப்படியானால் மடங்கு 2 ஜிபி, 45 கேட்டால் 46. முதல் வாரம் சுங்கான்கடை வந்தும் முதல் கணக்கிலேயே நின்றேன். தேர்வுக்கு முந்தின நாள் பார்வதிபுரம் பாலம் ஏறுவதற்குள் ஆறு முடிந்திருந்தது.