ஸ்டாக் எண்ணிட்டு வா

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டு செக்ஷனில் 2014-ல் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் கடை சாத்தும்வரை நிற்கவேண்டும். சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு மேலேயிருந்து போன் வரும். முதல் தீபாவளி நெருங்கும்போது என் கணுக்கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்து கிடந்தது.

இன்சார்ஜ் அக்கா அதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "குடோனுக்குப் போய் சாஃப்ட் சில்க் ஸ்டாக் எண்ணிட்டு வா. நிதானமா எண்ணு" என்றார். மேனேஜர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார். போய்ப் பார்த்தால், ரேக்கில் எண்ணிக்கை எழுதிய சீட்டு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தது. எனக்கு முன்னால் எத்தனை பேர் உட்கார்ந்து 'எண்ணினார்களோ', பெட்டி நடுவில் குழிந்திருந்தது.

அடுத்த வருஷம் எதிர்க்கடையில் 1,500 ரூபாய் கூடத் தருவதாகக் கூப்பிட்டார்கள். போகவில்லை. கடைமேல் பாசமா என்றால் அதெல்லாம் இல்லை. முதலாளியை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அக்காவை விட்டுப் போக மனசு வரவில்லை. அவர் வேலையை விட்டு ஊருக்குப் போனதும் எங்கள் ஒன்பது பேரில் நாலு பேர் மூன்றே மாதத்தில் கிளம்பிவிட்டார்கள். சம்பளம் பத்தாமல் போகிறார்கள் என்று மேனேஜர் ஆபீசில் சொன்னாராம்.

அப்புறம் சட்டம் வந்தது. கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, கேரளாவில் 2018-ல் உட்காரும் உரிமை வாங்கியிருந்தார்கள். இங்கே 2021-ல் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. முதல் சில வாரம் அதன்மேல் சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. உட்காருங்கள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையே! அதற்காகச் சட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். உட்காருவதற்கு ஒளிந்துகொள்ள வேண்டிய கேவலம் அதனால்தான் ஓரளவு குறைந்தது.

இப்போது நானே இன்சார்ஜ். போன தீபாவளிக் கூட்டத்தில் ஸ்டூல் பக்கம் திரும்பக்கூட நேரமில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பதைப் பார்த்தேன். "குடோன்ல ஸ்டாக் எண்ணிட்டு வாம்மா, நிதானமா எண்ணு" என்றேன்.

ஐந்தே நிமிஷத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "நூத்திப் பன்னெண்டு இருக்குக்கா. சீட்டுல நூத்திப் பதினாலுன்னு போட்டிருக்கு. யாரோ சரியா எண்ணாம விட்டிருக்காங்க!"