இஞ்சி மாதிரி இருக்கும், இஞ்சி மாதிரி நடக்கூடாது

மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்ரீநகரில் வேலை பார்க்கும் தம்பி லீவுக்கு வந்தபோது ஐரிஸ் என்ற பூச்செடியின் கிழங்கு மூன்று கொண்டுவந்தான். உயரமான தாடி ஐரிஸ். பூத்தண்டு 70 சென்டிமீட்டருக்கு மேல் போகும், கீழே தொங்கும் இதழ் ஒவ்வொன்றிலும் கம்பளிப்பூச்சி ஊர்வது போல மயிர்வரி, அதுதான் தாடி. காஷ்மீரில் ஐரிஸைக் கல்லறைகள் மேல் நட்டுவைப்பார்களாம். அவன் காட்டிய படத்தில் இடுகாடு முழுக்கக் கத்திரிப்பூ நிறத்தில் பூத்துக்கிடந்தது, அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு செடியே கண்ணில் படவில்லை.

திருநகரில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மல்லிப் பாத்தியை ஒட்டி வைத்தேன். "இஞ்சி வைக்கிற மாதிரி புதைச்சு விடுடா" என்றார் அம்மா. இரண்டு அங்குலம் மண் மூடினேன். தப்பு அங்கேதான். இந்தக் கிழங்கின் முதுகில் வெயில் பட வேண்டும், கண்மாயில் படுத்திருக்கும் எருமையின் முதுகு தெரிகிற மாதிரி. ஐப்பசி மழை பிடித்ததும் இரண்டு கிழங்கு கூழாகிவிட்டது, கிட்டே போக முடியாத நாற்றம். பாக்டீரியா அழுகல்.

மூன்றாவதைத் தோண்டி, அழுகின இடத்தைச் சீவி, காயவிட்டு, பாதிக்குப் பாதி மணல் கலந்து தொட்டியில் வைத்தேன். பிழைத்தது! வாள் வாளாக இலை விசிறி மாதிரி விரிந்தது, பக்கத்தில் குட்டிக் கிழங்குகளும் வந்தன, ஆனால் இரண்டு வருடமாகியும் ஒரு மொட்டு இல்லை.

உரக் குறையோ என்று நினைத்தேன். அது இல்லை, குளிர்தான். இதற்கு மொட்டு பிடிக்க வாரக்கணக்கில் நல்ல குளிர் வேண்டும். நம் மதுரையில் மார்கழி ராத்திரிகூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. யூரியா போட்டால் இலைதான் கொழுக்கும், அழுகலும் கூடும். ஆகவே தொட்டியோடு கொடைக்கானல் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், 2,100 மீட்டர் உயரத்தில் அதற்குத் தேவையான குளிர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

சரி, இங்கே என்ன வைப்பது? பெலம்கண்டா. முன்பு தனி இனமாக வைத்திருந்த இதை 2005-ல் ஐரிஸ் இனத்திலேயே சேர்த்துவிட்டார்கள். ஆரஞ்சுப் பூவில் சிவப்புப் புள்ளி, ஒரு பூ ஒரே நாள்தான், ஆனால் தினமும் அடுத்தது விரியும். தாடி கிடையாது, வெயிலுக்கு அசராது. காய் வெடித்தால் கருமணி கோத்த மாதிரி விதை. இந்த வருடம் நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன், மதுரைப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள்.