ஒற்றை மேசையில் பழகிய கை

எங்கள் காலத்தில் கல்லூரியில் மேசைப்பந்து மேசை ஒன்றுதான். விடுதிச் சாப்பாட்டு அறைக்குப் பக்கத்து மண்டபத்தில் கிடந்தது. இரண்டு பாதியும் ஒரே உயரத்தில் நிற்காது. தாழ்ந்த பக்கத்துக் காலுக்குக் கீழே பழைய அப்பியாசக் கொப்பிகளை மடித்து வைப்போம். வலையின் ஒரு பக்கத்துக்குக் கிளிப் இல்லை, சணல் கயிறுதான். 1980களின் நடுப்பகுதியில் பின்னேரங்களில் அந்த மண்டபத்தில் நின்றவர்களுக்கு இது நினைவிருக்கும்.

காத்து நிற்பவர்களின் வரிசை நீளம் என்பதால் 21 புள்ளி ஆட்டம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 11க்கு ஆடுவோம். தோற்றவர் வெளியே, வென்றவர் நிற்பார். உலகச் சம்மேளனம் 21ஐக் கைவிட்டு 11க்கு வந்தது 2001இல்தான். எங்கட விடுதிப் பெடியள் அதற்குக் கனகாலம் முந்தி! ஒருமுறை தோற்றால் அடுத்த முறை வருவதற்குள் இரவுப் படிப்புக்கு மணி அடித்துவிடும். அதனால் யாரும் கண்டபடி விளாசமாட்டார்கள். பந்தைப் பிழைவிடாமல் மேசையில் போட்டுக்கொண்டே இருப்பவன்தான் அன்றைக்குக் கெட்டிக்காரன்.

பந்தும் அருமையாகத்தான் கிடைக்கும். அப்போது 38 மில்லிமீற்றர் விட்டமுள்ள செலுலோயிட் பந்து. யாராவது மிதித்து நசுக்கினாலும் எறியமாட்டோம். குசினிக்காரரிடம் கெஞ்சிச் சுடுதண்ணீர் வாங்கி, ஒரு பேணியில் ஊற்றி, பந்தைக் கரண்டியால் உள்ளே அமுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் மிதந்துவிடும். சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, கோதும் இளகி, கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று பள்ளம் வெளியே வரும். வெடிப்பு விழுந்திருந்தால் ஒன்றும் நடக்காது, குமிழி மட்டும் வரும். இப்படி உயிர் பெற்ற பந்து முழு உருண்டையாக இராது. ஒரு பக்கம் பட்டால் ஒழுங்காக எழும்பும், மற்றப் பக்கம் பட்டால் இடறும். ஆகவே மேசையில் பந்து பட்ட பிறகும் கண்ணை எடுக்காமல் பார்க்கப் பழகினோம். இங்கே லண்டனில் நம் பழைய மாணவர் சங்கத்தில் புதிதாக ஆட வரும் பலருக்கு இதுதான் முதலில் வராதது. பந்து வலையைத் தாண்டியதும் எதிராளியின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கல்லூரி மட்டைகள் ஸ்பொஞ்ச் இல்லாதவை. வெளிப்பக்கம் சின்னச் சின்னப் புடைப்புள்ள றப்பர், அதிலும் பாதி தேய்ந்தது. அடித்தால் 'டொக் டொக்' என்று முற்றம் வரை கேட்கும். உயர்தர வகுப்பு அண்ணை ஒருவரிடம் மட்டும் ஸ்பொஞ்ச் மட்டை இருந்தது. வெளிநாட்டில் இருந்து வந்தது. றங்குப் பெட்டியில் சாரத்துக்குள் சுற்றிப் பூட்டி வைத்திருப்பார். அதைப் பார்த்து நாங்கள் ஏங்கியபோதுதான் எங்கள் மாஸ்டர் சாட்டோவின் கதையைச் சொன்னார். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டிக்கு யப்பானில் இருந்து ஹிரோஜி சாட்டோ வந்தார். மற்ற எல்லோரிடமும் புடைப்பு றப்பர். அவரிடம் மட்டும் தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டை. அடித்தால் சத்தமே வராது. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்தே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகிய வீரர்கள் தடுமாறிப் போனார்கள். இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் கொட்சியானை வென்று சாட்டோ உலகச் சம்பியன் ஆனார். "அதுக்குப் பிறகு அவர் அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுக்கேல்லை, தம்பி," என்று மாஸ்டர் முடிப்பார். மற்றவர்கள் அந்த மட்டைக்குப் பழகிவிட்டார்கள் என்பது அவர் விளக்கம். வெறும் ஸ்பொஞ்ச் மட்டையை 1959இல் சம்மேளனம் தடைசெய்து, ஸ்பொஞ்சும் றப்பரும் சேர்ந்து 4 மில்லிமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று அளவு வைத்தது. அந்த அளவு இன்றுவரை மாறவில்லை.

மாஸ்டரின் பயிற்சி முறை எளிது. மேசையின் தூர மூலையில் வெற்று வெண்கட்டிப் பெட்டியை வைப்பார். முறைக்குக் காத்திராமல் விடிய வேளைக்கு வந்து, தனியே நின்று, சேர்விஸ் போட்டு அந்தப் பெட்டியை விழுத்த வேண்டும். விழுத்தினால் அடுத்த மூலை, அப்புறம் வலைக்குக் கிட்ட. இந்த ஆட்டத்தில் எதிராளியின் தயவில்லாமல் போடக்கூடிய அடி சேர்விஸ் ஒன்றுதானே. மட்டை பந்தில் படும் இடத்தை முழங்கைக்குப் பின்னால் மறைக்கவும் அவர் சொல்லித் தந்தார். அப்போது அது சட்டப்படி சரி. 2002இல் இருந்து சரியில்லை. பந்து விரித்த உள்ளங்கையில் இருந்து குறைந்தது 16 சென்ரிமீற்றர் எழும்ப வேண்டும், மட்டையில் படும்வரை எதிராளிக்கும் நடுவருக்கும் தெரிய வேண்டும். நம் சங்கத்துப் போட்டிகளில் என் வயதுக்காரர் பலர் இன்னும் மறைத்துத்தான் போடுகிறார்கள். நடுவராக நிற்கும் பிள்ளைகள் மரியாதைக்குப் பேசாமல் இருக்கிறார்கள்.

லண்டனுக்கு வந்த பிறகு ஒரு தேவாலய மண்டபத்துக் கழகத்தில் சேர்ந்தேன். சம்மேளனமே 1926இல் இந்த ஊரில் தொடங்கியதுதான். முதல் உலகப் போட்டியும் அதே ஆண்டு இங்கேதான் நடந்தது. கழகத்தில் என்னை முதலில் வரவேற்றது பசை மணம். ஆட்டத்துக்கு முன் றப்பரைக் கழற்றித் திரும்ப ஒட்டினால் பந்து பாயும் என்று எல்லோரும் மட்டையும் கையுமாக இருப்பார்கள். ஊரில் சைக்கிள் கடையில் ரியூப் ஒட்டும் சொலூஷன் மணமேதான். உடம்புக்குக் கூடாது என்று 2008இல் அதை நிறுத்தினார்கள். இப்போது தண்ணீர்ப் பசைதான். பால் போல வெள்ளையாகப் பூசி, கண்ணாடி மாதிரித் தெளிந்த பிறகு ஒட்ட வேண்டும். அவசரப்பட்டு வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டினால் உள்ளே குமிழி விழும்.

அந்தக் கழகத்தில் எழுபது தாண்டிய ஆங்கிலேயர் ஒருவர் நீளப் புடைப்பு றப்பர் வைத்திருந்தார். இடத்தை விட்டு அசையமாட்டார், இளம் பெடியள் எல்லோரும் அவரிடம் தோற்பார்கள். அந்த றப்பரின் வேலை இதுதான்: தானாகச் சுழல் கொடுக்காது, நாம் கொடுத்த சுழலை நமக்கே திருப்பி அனுப்பும். பலமாக மேல்சுழல் (பந்து முன்னோக்கிச் சுழல்வது) போட்டால் கனத்த கீழ்சுழலாக (பின்னோக்கிச் சுழல்வது) வந்து, அடுத்த அடி வலைக்குள் போகும். மெதுவாகக் கீழ்சுழலில் தள்ளினால் சுழல் குறைந்து, சற்று மேலெழுந்து வரும். அடிக்க வேண்டிய பந்து அது. புடைப்பு மட்டையோடு வளர்ந்த எனக்கு அவரோடு ஆடுவது ஊருக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

இதையெல்லாம் எழுதக் காரணம், நம் உறுப்பினர்களின் பிள்ளைகள் போட்டிக்குக் கொண்டுவரும் மட்டைகள். காபன் அடுக்கு வைத்த பலகை (றப்பர் ஒட்டும் மரப் பகுதி), உலகச் சம்பியன்களின் கையில் இருக்கும் றப்பர், மொத்தம் நூறு பவுணைத் தாண்டும். பிள்ளை ஆடத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருக்காது. காபன் பலகையில் பந்து பட்டதும் பறந்துவிடும். கை முழுதாக வீசினால் மேசைக்கு வெளியே போவதால் பிள்ளை வீச்சைக் குறைத்துக் குத்தத் தொடங்கும். அந்தக் குத்து ஒருமுறை கையில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது பெரிய பாடு. தகப்பன்மார் விலையைப் பார்த்து வாங்குகிறார்கள், கையைப் பார்த்து அல்ல என்று நான் வாய்விட்டே சொல்லி, சிலரின் கோபத்துக்கும் ஆளாகியிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், ஐந்தடுக்கு வெறும் மரப்பலகை. ஸ்ரிகா நிறுவனத்தின் ஓல்ரவுண்ட் கிளாசிக் அல்லது யசாக்கா நிறுவனத்தின் சுவீடன் எக்ஸ்ரா போல ஒன்று, பலகை மட்டும் 85 கிராம் அளவில். இரண்டு பக்கமும் ஒரே வகை மழமழப்பு றப்பர் (புடைப்பு உட்பக்கம் இருப்பது), ஸ்பொஞ்ச் 1.8 அல்லது 2 மில்லிமீற்றர். யசாக்கா மார்க் வி என்ற றப்பர் 1960களின் கடைசியில் வந்தது, இன்னும் விற்கிறது, பழகுபவருக்கு அது தாராளம். ஒரு பக்கம் வேகம், மறுபக்கம் மெதுவு என்று கலந்து வைப்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் கறுப்பாக இருக்க வேண்டும். மற்றப் பக்கம் முன்பு சிவப்பு மட்டும்தான், 2021இன் கடைசியில் இருந்து பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பும் ஆகலாம். நிறத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும், அதில் ஒரு கெடுதலும் இல்லை.

மிச்சக் காசில் பயிற்சிப் பந்து ஒரு பெட்டி வாங்குங்கள். 2000இல் பந்து 40 மில்லிமீற்றருக்குப் பெருத்தது, 2014இல் செலுலோயிட் போய்ப் பிளாஸ்டிக் வந்தது. இரண்டாலும் சுழல் கொஞ்சம் குறைந்தது. ஆகவே பழைய ஆட்கள் சேர்விஸ் முன்போல வெட்டவில்லை என்று மட்டையைக் குறைசொல்ல வேண்டாம். ஆடி முடித்ததும் ஈர ஸ்பொஞ்சால் றப்பரைத் துடைத்து, மெல்லிய தாள் ஒட்டி மூடி வையுங்கள். துடைத்த பிறகும் பந்தை அதில் இழுத்தால் பிடிக்காமல் வழுக்கினால் றப்பரின் காலம் முடிந்தது. வாரம் இரண்டு நாள் ஆடுபவருக்கு ஒரு வருடம் வந்தால் நல்லது. பலகை பல வருடம் இருக்கும்.

பயிற்சிக்கு ஆள் கிடைத்தால், ஆட்டம் ஆடியே நேரத்தைக் கழிக்காமல் சுவீடனின் ஃபோல்கென்பேர்க் கழகத்தின் பெயரால் வழங்கும் கால்பயிற்சியைச் செய்யலாம். 1971இன் உலகச் சம்பியன் ஸ்ரெலான் பெங்ற்சன் வந்த ஊர் அது. எதிரே நிற்பவர் முதல் இரண்டு பந்தை இடது மூலைக்கும் மூன்றாவதை வலது மூலைக்கும் தருவார். வலக்கைக்காரர் முதல் பந்தைப் பின்கையால் (புறங்கைப் பக்கத்தால்) அடித்து, இரண்டாவதற்குச் சுற்றி வந்து முன்கையால் (உள்ளங்கைப் பக்கத்தால்) அடித்து, மூன்றாவதற்கு வலப்பக்கம் ஓட வேண்டும். என் வயதில் ஓட்டம் நடையாகிவிட்டது, ஆனாலும் செய்கிறேன். தந்துகொண்டிருப்பவரும் சும்மா நிற்கவில்லை, தடுத்தாடப் பழகுகிறார். உங்களைவிடப் பலவீனமானவரோடு ஆடும் நாளில் புதுச் சேர்விஸைப் போட்டுப் பாருங்கள், தோற்றாலும் பரவாயில்லை.

கோடைகாலப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். புது றப்பரை முதல் நாள் இரவு ஒட்டிக்கொண்டு வராதீர்கள், ஒரு கிழமையாவது அதில் ஆடிப் பாருங்கள். இரண்டாவது, சென்ற ஆண்டு சங்கம் அடித்துத் தந்த ரீசேட் வெள்ளை, பந்தும் வெள்ளை. விதிப்படி அதை அணிந்து ஆட முடியாது. கல்லூரி நிறத்தில் வேறு ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள்.