ஒழுக்கத்துக்கே விலை கேட்டால்

ஒழுக்கத்தைச் சந்தேகிப்பவர்கள் இரண்டு வகை. இருவரையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சண்டை வருகிறது. முதலாமவர், 'கொலை தவறு' என்பதெல்லாம் உலகத்தில் உள்ளபடியான உண்மையா என்று கேட்கிறார். தத்துவஞானி ஜே. எல். மேக்கி 1977இல் எழுதிய அறவியல் நூல், புறவயமான, அதாவது நம்மைச் சாராமல் உலகத்திலேயே இருக்கும் மதிப்புகள் எதுவும் இல்லை என்றுதான் தொடங்குகிறது. இரண்டாமவர் கேட்பது: உண்மையோ பொய்யோ, இதனால் நமக்கு லாபமா நட்டமா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றவர் ஒழுக்கத்தைத் தூக்கி எறிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மேக்கியே எறியவில்லை, அதே நூலில், சேர்ந்து வாழ எந்த மாதிரி ஒழுக்கத்தை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று யோசிக்கப் போய்விடுகிறார்.

இரண்டாவது கேள்வியைப் போட்டு உடைத்தவர் ஜெர்மன் தத்துவஞானி நீட்சே. 1887இல் வந்த 'ஒழுக்கத்தின் வம்சாவளி' நூலின் முன்னுரை 6ஆம் பகுதியில், இந்த மதிப்புகளின் மதிப்பையே விசாரிக்க வேண்டும் என்கிறார். எப்படி விசாரிப்பது என்பதற்கும் அங்கேயே குறிப்பு இருக்கிறது: ஒழுக்கத்தை விளைவாக, அறிகுறியாக, முகமூடியாக, நோயாகப் பார், காரணமாக, மருந்தாக, ஊக்கியாக, தடையாக, நஞ்சாகவும் பார். அவசரப்படுகிறவர்கள் 'நஞ்சு' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். 'மருந்து'ம் அதே வரியில்தான் இருக்கிறது.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். ஒழுக்கம் பொறாமையிலிருந்தோ பயத்திலிருந்தோ பிறந்தது என்று காட்டிவிட்டால் அதன் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதே 1887இல் 'மகிழ்வான அறிவியல்' என்ற தன் முந்தைய நூலுக்குச் சேர்த்த 345ஆம் பகுதியில் நீட்சே இதை மறுக்கிறார்: ஓர் ஒழுக்கம் பிழையிலிருந்தே முளைத்திருந்தாலும், அதன் மதிப்பு என்ன என்ற கேள்வியை அது தொடக்கூட இல்லை.

அப்படியானால் வரலாறு எதற்கு? வம்சாவளியின் இரண்டாம் கட்டுரை, 12 முதல் 14 வரை படித்தால் பிடிபடும். தண்டனை என்ற ஒரே வழக்கத்துக்கு எத்தனை நோக்கங்கள் ஏறியிருக்கின்றன என்று வரிசையாக வைக்கிறார்: ஆபத்தை அடக்க, நட்டத்தை ஈடுகட்ட, அச்சமூட்ட, நினைவில் பதிக்க, தோற்ற எதிரியை எள்ளித் திருவிழா கொண்டாட. ஒரு வழக்கம் எதற்காகத் தொடங்கியதோ அதற்காகத்தான் இன்றும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 14ஆம் பகுதியில் அடி இன்னும் நேராக விழுகிறது. தண்டனை குற்றவாளியின் மனசாட்சியை எழுப்பும் என்கிறோமே, சிறையில் இருப்பவர்களிடம் உண்மையான மனசாட்சிக் குத்தல் மிக அரிது. தண்டனை ஆளை இறுகவும் குளிரவும் வைக்கிறது என்கிறார். ஒழுக்கத்தின் மதிப்பைச் சோதிப்பது என்றால் இதுதான் வேலை: அது தருவதாகச் சொல்லும் பலன் உண்மையில் கிடைக்கிறதா என்று பார்ப்பது.

இதே வழியில் இன்னும் துணிந்து போனவர் தத்துவஞானி இயன் ஹின்க்ஃபஸ். 1987இல் எழுதிய நூலில் அவர் வைக்கும் குற்றச்சாட்டுகள் திட்டவட்டமானவை: ஒழுக்கப் பேச்சு மேல்தட்டு மனப்பான்மையை வளர்க்கிறது, அதிகாரத்துக்குத் துணைபோகிறது, குற்றவுணர்வைத் திணிக்கிறது, சண்டையைத் தீர்க்கவிடாமல் செய்கிறது. கடைசிக் குற்றச்சாட்டுக்குத்தான் கனம் அதிகம் என்பேன். 'எனக்கு இது வேண்டும்' என்பவரோடு பேரம் பேசலாம். 'இது என் நியாயம்' என்பவர் ஓர் அங்குலம் இறங்கினாலும் அதைத் துரோகமாக உணர்கிறார்.

இன்னொரு தத்துவஞானி ரிச்சர்ட் ஜாய்ஸ் 2001இல் இதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். ஒழுக்கம் பொய்யே என்றாலும் கற்பனையாக வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். தினமும் 50 சிட்-அப் 'எடுத்தே ஆக வேண்டும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவர் போல. 50க்கும் 49க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று நேர்மையாக யோசிக்கத் தொடங்கினால் 48, 47 என்று எண்ணிக்கை வழுக்கிக்கொண்டே போகும், அதைத் தடுப்பது அந்தக் கற்பனைக் கட்டாயம்தான்.

இந்தக் கணக்கில் இடிக்கும் இடம் அளவுகோல். ஒழுக்கம் கெடுதல் செய்கிறது என்றால், எதை வைத்துக் கெடுதல்? அதற்கும் ஓர் ஒழுக்க விதியையே நீட்டினால் வழக்கு தானாகத் தள்ளுபடி. நீட்சே வம்சாவளியின் முன்னுரை 3ஆம் பகுதியில் மனிதச் செழிப்பைக் கோலாக எடுக்கிறார். எல்லா மதிப்பும் ஒழுக்க மதிப்பாக இருக்கத் தேவையில்லை என்பதால் தர்க்கரீதியாக அது செல்லும். ஆனால் யாருடைய செழிப்பு? அவர் கண் பெரும்பாலும் அரிய, உயர்ந்த சிலர் மேல் இருக்கிறது. ஹின்க்ஃபஸின் கவலையோ மேல்தட்டு மனப்பான்மையே. இருவரும் ஒழுக்கத்தின் மேல் வழக்குப் போடுகிறார்கள், ஆனால் ஒருவர் கேட்கும் நட்டஈடு மற்றவருக்கு நட்டம்.