கன்று ஈனும் பசுவின் ரத்தம்: ஆய்வக நாட்குறிப்பு, 2025

6 ஜனவரி

இந்த முறை எம்.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவ முதுநிலைப் பட்டம்) ஆய்வுக்கான தலைப்பு முடிவாகிவிட்டது. நாமக்கல், ராசிபுரம் சுற்றுவட்டாரக் கலப்பினப் பசுக்களில், கன்று ஈனுவதற்கு 3 வாரம் முன்பிருந்து ஈன்று 3 வாரம் வரை ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், குளுக்கோஸ், கீட்டோன் (உடல் கொழுப்பு கரையும்போது கல்லீரலில் உருவாகும் பொருள்) எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்ப்பது. புதுமையான தலைப்பு அல்ல. ஆனால் கால்நடை உயிர்வேதியியல் படிக்க வருகிறவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. பிழை நுழையக்கூடிய அத்தனை வழியும் இதில் இருக்கிறது.

கணக்கை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் சீம்பாலில் கால்சியம் 2 கிராமுக்கு மேல். 10 லிட்டர் கறந்தால் 20 கிராமுக்கு மேல் வெளியே போகிறது. நல்ல பெரிய பசுவின் பிளாஸ்மா முழுவதிலும் ஒரு நேரத்தில் இருப்பதோ ஏறத்தாழ 3 கிராம்தான். மீதியைக் குடலும் எலும்பும் கொடுத்தாக வேண்டும். அந்த ஏற்பாடு முழு வேகம் பிடிக்க ஓரிரு நாள் ஆகும். ரத்தத்தில் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் பால் காய்ச்சல் வருவது அந்த இடைவெளியில்.

ஈனும் தேதிதான் முதல் சிக்கல். சினை ஊசி போட்ட தேதியோடு 280 நாள் கூட்டிக்கொள்கிறோம். மாடு அதற்கு ஒரு வாரம் முன்னும் ஈனும், பின்னும் ஈனும். 'ஈனுவதற்கு 7 நாள் முன்' என்று ஒரு மாதிரியைத் திட்டமிட்டு எடுக்கவே முடியாது. 260-ஆம் நாளிலிருந்து வாராவாரம் எடுத்து வைத்து, ஈன்ற பிறகு பின்னோக்கி எண்ணி எந்த மாதிரி எந்த நாளுக்குரியது என்று பிரிப்பதுதான் வழி. கால்சியம் அடிமட்டத்துக்குப் போவது ஈன்ற 12 முதல் 24 மணி நேரத்துக்குள். அதனால் மாட்டுக்காரரின் போன் வந்ததும் கிளம்ப ஒரு ஆள், ஒரு வண்டி, தயாராக ஒரு பெட்டி. இது இல்லாவிட்டால் ஆய்வே இல்லை.

படிவம் பி என்ற விண்ணப்பத்துக்கு விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் கையில் வரும்வரை ஊசி எடுக்கக் கூடாது. சிகிச்சைக்காக எடுத்த ரத்தத்தைப் பிறகு ஆய்வுக்குத் திருப்பிவிடலாம் என்ற பேச்சுக்கு இடமே கொடுப்பதில்லை.

9 ஜனவரி

கட்டுத்தறியில் செய்முறை. 18 கேஜ் ஊசி, கழுத்துச் சிரை, 10 மில்லி. மூக்கணாங்கயிற்றைப் பிடிப்பவர் தலையை ஒரு பக்கம் உயர்த்திப் பிடிக்க, கழுத்துப் பள்ளத்தின் கீழ்ப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் சிரை கயிறு போல எழும்பும். மடிக்கு முன்னால் வயிற்றோரம் ஓடும் பால் நரம்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது, குத்துவது சுலபம் என்று அதில் எடுக்கக் கூடாது. அது மடியிலிருந்து திரும்பும் ரத்தம். குளுக்கோஸை மடி ஏற்கெனவே உறிஞ்சியிருக்கும். அந்த எண் உடம்பைச் சொல்லாது, மடியைச் சொல்லும்.

சிரிஞ்சிலிருந்து குழாய்க்கு மாற்றும்போது ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் உட்சுவரோடு மெதுவாக வழியவிட வேண்டும். ஊசி வழியே பீய்ச்சினால் சிவப்பணு உடையும். அணுவுக்குள் இருக்கும் ஏஎஸ்டி, எல்டிஎச் நொதிகள், பாஸ்பரஸ் எல்லாம் பொய்யாக ஏறும். மனித ஆய்வகத்தில் பழகியவர்கள் பொட்டாசியம்தான் முதலில் தாவும் என்று எதிர்பார்ப்பார்கள். பெரும்பாலான மாடுகளின் சிவப்பணுவில் சோடியம்தான் அதிகம், பொட்டாசியம் குறைவு. ஆகவே பொட்டாசியம் ஒழுங்காக இருக்கிறதே என்று சிவந்த சீரத்தை (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீரை) ஏற்றுக்கொள்ளக் கூடாது.

உறைவுத் தடுப்பான் இல்லாத சிவப்பு மூடிக் குழாயை நிழலில் நிமிர்த்தி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். உறையும் முன்பே பனிக்கட்டியில் செருகினால் உறைதல் தடைப்படும், சீரமும் குறைவாகத்தான் கிடைக்கும். பிறகு நிமிடத்துக்கு 3000 சுற்று, 15 நிமிடம். பிரித்த சீரத்தை அரை மில்லியாகப் பல குப்பிகளில் பகிர்ந்து வைக்க வேண்டும்.

காதுத் தோட்டின் 12 இலக்கத்தையும் எழுதுவது கட்டாயம். கடைசி நான்கு எண்ணை மட்டும் எழுதும் பழக்கத்தால் ஒரே தெருவில் இரண்டு மாடு ஒரே மாடாகிவிடும்.

16 ஜனவரி

நேற்று மாட்டுப் பொங்கல். இன்று மாதிரி எடுப்பு நிறுத்தம்; இன்னும் சில நாளுக்கும் இல்லை.

அன்பால் ஊட்டப்படும் சர்க்கரைப் பொங்கலும் சோறும் பழமும் ஒரே வேளையில் முதல் இரைப்பைக்குள் போனால், மாவுச்சத்தை லாக்டிக் அமிலமாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, அமிலநிலை 5-க்கும் கீழே இறங்கலாம். இயல்பு நிலை 6-க்கும் 7-க்கும் நடுவில். அந்தப் பசுவின் குளுக்கோஸையும் கீட்டோனையும் ஈற்றின் விளைவு என்று எழுதினால் ஆய்வு கெட்டது. வீட்டுக்காரரிடம் "பொங்கல் எவ்வளவுங்க வெச்சீங்க?" என்று கேட்டுப் படிவத்தில் குறிக்கிறோம்.

வயிறு உப்பி, அசை போடாமல் நிற்கும் மாட்டில் இரைப்பை நீரைக் குழாய் போட்டு எடுத்தால் முதல் 200 மில்லியைக் கொட்டிவிட வேண்டும். அதில் உமிழ்நீர் கலந்திருக்கும். உமிழ்நீரில் பைகார்பனேட் உண்டு. அமிலநிலை உண்மையைவிட நல்லதாகத் தெரியும். அடுத்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், ஓடித் திரியும் புரோட்டோசோவா ஒன்றுகூட இல்லை என்றாலே நிலைமை புரிந்துவிடும்.

22 ஜனவரி

கால்சியம். ஈன்ற மாட்டில் டெசிலிட்டருக்கு 8.5 மி.கி.க்குக் கீழே இறங்கினால் கவனிக்கிறோம், 8-க்குக் கீழே மறைநிலைக் குறைபாடு (வெளியே அறிகுறி தெரியாத குறைபாடு) என்று எழுதுகிறோம், படுத்துவிட்ட மாட்டில் பெரும்பாலும் 5.5-க்கும் கீழே இருக்கும்.

இன்று வந்த ஒரு சீரம் 2-க்கும் கீழே காட்டியது. மாடோ நின்று சோளத்தட்டு தின்றுகொண்டிருக்கிறது. இப்படி ஒரு எண் வந்தால் கருவியைச் சந்தேகிக்கும் முன் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் கூடுதலாக விழுந்த ரத்தத்தைச் சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றிச் சரிக்கட்டினால், அதில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்ட ஈடிடிஏ கூடவே போகும். அது கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். நிரூபிப்பது எளிது. அதே சீரத்தில் பொட்டாசியத்தையும் அல்கலைன் பாஸ்படேஸையும் பாருங்கள். பொட்டாசியம் உயிரோடிருக்கும் விலங்குக்கு ஒவ்வாத அளவில் ஏறியிருக்கும், ஏனெனில் குழாயில் இருப்பது ஈடிடிஏயின் பொட்டாசிய உப்பு. பாஸ்படேஸ் படுத்திருக்கும், ஏனெனில் அந்த நொதிக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் ஈடிடிஏ பிடித்துக்கொண்டது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மாதிரியைத் தூக்கிப் போடலாம். முதலில் சிவப்பு, கடைசியில் ஊதா என்ற வரிசையை மாற்றாமலிருந்தால் இது வராது.

எதிர்த் திசைப் பிழை கண்ணாடிக் குழாயில் வரும். இந்த வட்டாரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீர். குழாயை அதில் அலசிக் காயவைத்தால் சுவரில் படியும் கால்சியமே வினைப்பொருளை ஊதாவாக்கிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, இருமுறை வடித்த நீரில் அலச வேண்டும்; இல்லையென்றால் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குழாய். கால்சியத்தை ஊதா நிறத்தால் அளக்கும் கிரிசால்ப்தலீன் முறையில் மெக்னீசியம் குறுக்கிடாமல் மறைப்பது 8-ஹைட்ராக்சிகுயினோலின். பழைய வினைப்பொருள் சீரம் சேர்க்காமலே காட்டும் வெற்று அளவு ஏறிக்கொண்டே போனால் புட்டியை மாற்றுங்கள்.

மாணவர்களுக்கு இந்தப் பாடத்தின் வரலாற்றையும் சொல்வதுண்டு. 1897-இல் டென்மார்க்கின் கோல்டிங்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர், நோய்க்குக் காரணம் மடியில் உருவாகும் நச்சு என்று எண்ணி, பொட்டாசியம் அயோடைடு கரைசலை மடிக்குள் ஏற்றினார், மாடுகள் பிழைத்தன. அதன்பின் வெறும் காற்றை ஏற்றியபோதும் பிழைத்தன. மடியில் அழுத்தம் ஏறினால் பால் சுரப்பு நின்று, கால்சியம் வெளியேறுவதும் நிற்கிறது என்பது அப்போது தெரியாது. 1925-இல் எடின்பரோவில் டிரையரும் கிரெய்கும் கால்சியக் குறைவுதான் காரணமாக இருக்கும் என்றார்கள். அதே ஆண்டு லிட்டிலும் ரைட்டும் ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். மருந்து வேலை செய்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்தே காரணம் தெரிந்தது. உயிர்வேதியியல் இல்லாத சிகிச்சை எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை.

29 ஜனவரி

பாஸ்பரஸுக்கு இரண்டே எச்சரிக்கை. சீரத்தை உறைவின் மேலேயே மாலைவரை விட்டால் அணுக்களிலிருந்து பாஸ்பேட் கசிந்து எண் ஏறும். பாஸ்பேட் கலந்த சலவைத்தூளில் கழுவிய குழாயும் அதையே செய்யும்.

இன்று எருமை ஒன்று. ஈன்று இரண்டு வாரம், காபி நிறத்தில் சிறுநீர். சிறுநீரைச் சுழற்றிப் பாருங்கள். அடியில் சிவப்பணு படிந்து மேலே தெளிந்தால் அது ரத்தம் கலந்த சிறுநீர். தெளியாமல் அப்படியே நிறம் நின்று, சீரமும் சிவந்திருந்தால் ஹீமோகுளோபின். அதற்குள் பாஸ்பரஸ் குறைவு என்று முடிவு கட்டாமல், காய்ச்சலும் உண்ணியும் உண்டா என்று பார்த்து, கீம்சா சாயம் பூசிய ரத்தப் பூச்சில் உண்ணி பரப்பும் பபீசியா ஒட்டுண்ணியைத் தேடிய பிறகுதான் பாஸ்பரஸ் அளவுக்கு அர்த்தம். பாஸ்பரஸ் வறண்டால் சிவப்பணுவுக்குள் ஆற்றல் தரும் ஏடிபி குறைகிறது, சவ்வு தன் வடிவத்தைத் தாங்க முடியாமல் உடைகிறது.

இங்கே ஒரு முரண் உண்டு. அணு உடைந்த சீரத்தில் பாஸ்பரஸ் பொய்யாக ஏறும் என்று 9-ஆம் தேதி எழுதினேன். இந்த நோயில் உடைவது குழாயில் அல்ல, உடம்பிலேயே. ஆகவே சிவந்த சீரம் என்று தூக்கிப் போட்டால் நோயையே தூக்கிப் போட்டதாகும். மறுமுறை கவனமாக எடுத்து, மறுபடியும் சிவந்தால் அதை அப்படியே குறிக்க வேண்டும்.

5 பிப்ரவரி

கீட்டோன். ஒரு லிட்டர் பாலுக்குப் பசு ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் செலவிடுகிறது. குடலிலிருந்து அதற்குக் கிடைக்கும் குளுக்கோஸ் சொற்பம். கல்லீரல்தான், பெரும்பகுதி இரைப்பையில் தீவனம் நொதித்து வரும் புரோப்பியோனேட்டிலிருந்து, ஆக்க வேண்டும். ஈன்ற முதல் வாரங்களில் தீவனம் பால் கறக்கும் அளவுக்கு எட்டாது. கொழுப்பு கரைகிறது, கல்லீரல் திணறுகிறது, கீட்டோன் ஏறுகிறது.

ரோத்தரா சோதனை: 5 மில்லி சிறுநீரில் அம்மோனியம் சல்பேட்டைத் தெவிட்டும்வரை கரைத்து, அன்றே தயாரித்த நைட்ரோபுருசைடு 2, 3 சொட்டு விட்டு, அடர் அம்மோனியாவைச் சுவரோடு வழியவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் ஊதா வளையம். நேற்றைய நைட்ரோபுருசைடு என்றால் வளையம் வராது. இது காட்டுவது அசிட்டோஅசிட்டேட்டையும் அசிட்டோனையும். ரத்தத்தில் அதிகம் இருக்கும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காட்டாது. அதை ரத்தத்திலேயே அளக்க வேண்டும்; லிட்டருக்கு 1.2 மில்லிமோல் தொட்டால் மறைநிலைக் கீட்டோன் நோய். சிறுநீர் வேண்டுமென்றால் வாலைத் தூக்காமல், பெண்ணுறுப்புக்குக் கீழே உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிக் காத்திருங்கள்.

நேரம் முக்கியம். கீட்டோனுக்கான ரத்தத்தைத் தீவனம் போட்டு 4, 5 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். கரையும் கொழுப்பிலிருந்து ரத்தத்துக்கு வரும் கொழுப்பமிலத்துக்கு, தீவனம் போடும் முன். ஒரே ஊசியில் இரண்டையும் முடிக்க நினைத்தால் ஒன்று கெடும். கொழுப்பமிலம் அளக்க ஹெப்பாரின் குழாய் கூடாது. லைப்பேஸ் நொதியைத் தூண்டி எண்ணை ஏற்றிவிடும். குளுக்கோஸுக்குச் சாம்பல் மூடி. அதிலுள்ள ஃபுளோரைடு ஈனோலேஸைத் தடுக்கிறது, ஆனால் அதற்கு முந்தைய படிகள் சற்று நேரம் ஓடும். ஆகவே இந்தக் குழாயை மட்டும் உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

12 பிப்ரவரி

மின்தடை. தானாகப் பனி நீக்கும் வீட்டுக் குளிர்பெட்டி சீரத்துக்கு ஆகாது; அது தினமும் கொஞ்சம் உருகி உறையும். மைனஸ் 20 பெட்டியின் காலி இடத்தைத் தண்ணீர்ப் புட்டிகளால் நிரப்பினால் மின்சாரம் போனாலும் குளிர் நிற்கும்.

18 பிப்ரவரி

தீவனக் கணக்கு எடுக்காத ரத்த ஆய்வு பாதி ஆய்வுதான். இங்கே தொட்டியில் காண்பது: வைக்கோல், சோளத்தட்டு, கடலைக்கொடி, கோ 4 ஒட்டுப்புல், சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி. திப்பியில் மாவுச்சத்து உண்டு; புரதமும் கால்சியமும் மிகக் குறைவு. கடலைக்கொடி நல்ல தீவனம், ஆனால் கால்சியமும் பொட்டாசியமும் மிகுந்தது. ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் அளவில்லாமல் போட்டால் பால் காய்ச்சலுக்கு வழி. ஒட்டுப்புல்லில், அதிலும் இளம்புல்லில், ஆக்சலேட் அதிகம்; கால்சியத்தைப் பிணைத்து வெளியே தள்ளும். இரைப்பை நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைக்கப் பழகும், அதற்கு நாள் கொடுக்க வேண்டும். திடீரென்று மாற்றுவதில்தான் ஆபத்து. சாணக் கழிவுநீர் பாயும் வயலின் புல்லில் பொட்டாசியம் இன்னும் ஏறும்.

பொட்டாசியம் ஏன் இத்தனை முக்கியம்? சோடியமும் பொட்டாசியமும் மிகுந்து குளோரைடும் கந்தகமும் குறைந்தால் உடம்பு காரத்தன்மைக்குச் சாய்கிறது. ரத்தக் கால்சியத்தை ஏற்றச் சொல்லும் பாராதைராய்டு ஹார்மோன் கூப்பிட்டாலும் எலும்பும் சிறுநீரகமும் சரியாகக் கேட்பதில்லை. சினை மாட்டின் சிறுநீரைத் தாளில் தொட்டுப் பார்த்தாலே தெரியும். சாதாரணமாக 8-க்கு மேல் இருக்கும். குளோரைடும் கந்தகமும் மிகுந்த எதிர்மின் உப்பு கொடுத்து அது 6-க்கும் 7-க்கும் இடையில் வந்தால் உப்பு வேலை செய்கிறது. 5.5-க்குக் கீழே போனால் அளவு மிஞ்சிவிட்டது, மாடு தீவனத்தை ஒதுக்கும்.

27 பிப்ரவரி

தினமும் அளவு முன்பே தெரிந்த இரண்டு நிலைக் கட்டுப்பாட்டுச் சீரம் ஓட்டி வரைபடத்தில் புள்ளி வைக்கிறோம். ஒன்று 3 திட்டவிலக்கம் தாண்டினாலோ, அடுத்தடுத்து இரண்டு ஒரே பக்கம் 2 திட்டவிலக்கம் தாண்டினாலோ அன்றைய முடிவு ஏதும் வெளியே போகாது. ஆல்புமின் புரதத்தை அளக்கப் புரோமோகிரிசால் பச்சைச் சாயத்தைக் கலந்தால் உடனே படிக்க வேண்டும். தாமதித்தால் குளோபுலினும் நிறம் கொடுக்கும்.

6 மார்ச்

புள்ளியியல் அமர்வு. ஒரே மாட்டிலிருந்து ஆறு முறை எடுத்த ரத்தம் ஆறு மாடு ஆகாது. மாட்டை ஒரு காரணியாக வைத்துத் தொடர் அளவீட்டு முறையில் பார்க்க வேண்டும். எத்தனையாவது ஈற்று என்பதையும் சேர்க்க வேண்டும். முதல் ஈற்றுக் கிடாரியில் பால் காய்ச்சல் அரிது, மூன்றாம் ஈற்றுக்கு மேல் வாய்ப்புக் கூடும்.

இந்தத் துறைக்கு வரலாமா என்று கேட்கும் இளநிலை மாணவர்களுக்கும் இங்கேயே எழுதுகிறேன். பி.வி.எஸ்சி. ஐந்தரை ஆண்டு, எம்.வி.எஸ்சி. 2 ஆண்டு, அதன்பின் முனைவர் பட்டம். ஆசிரியர் பணிக்கு விலங்கு உயிர்வேதியியல் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வையும் எழுதி வையுங்கள். இதெல்லாம் பாதை. தகுதி வேறு: ஊசி பிடிக்கும் கை, தொட்டியைப் பார்க்கும் கண், எண்ணைக் கண்டதும் 'இது இந்த மாட்டுக்குப் பொருந்துமா' என்ற கேள்வி. இருபது அளவீட்டை அரைகுறையாகச் செய்த ஆய்வேட்டைவிட, நான்கை ஒழுங்காக அளந்த ஆய்வேட்டையே நான் மதிக்கிறேன்.

14 மார்ச்

மாட்டுக்காரர்களுக்கான ஒருபக்கத் தாள் தயார். தமிழில், அவரவர் மாட்டில் கிடைத்த அளவு, இருக்க வேண்டிய அளவு, செய்ய வேண்டியது. முதல் வரியிலேயே இது: சினையின் கடைசி மாதத்தில் கால்சியம் டானிக் வேண்டாம். அப்போது தாராளமாகக் கிடைத்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தைத் தளர்த்திவிடும். கால்சியம் ஈனும் நாளில் கொடுக்க வேண்டியது. ஈன்றபின் தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம்.

மருந்தக மருத்துவர்களுக்குத் தனிக் கடிதம்: படுத்த மாட்டுக்குக் கால்சியம் பாட்டில் ஏற்றும் முன் 10 மில்லி ரத்தம், சிவப்பு மூடிக் குழாயில். பாட்டில் ஏறியபின் எடுத்த ரத்தம் பாட்டிலைத்தான் காட்டும். 450 மில்லியில் போகும் 8 கிராமுக்கு மேற்பட்ட கால்சியத்தைக் காதில் இதயத்துடிப்பு கேட்டபடி மெதுவாக ஏற்றுங்கள். துடிப்பு தடுமாறினால் உடனே நிறுத்துங்கள். எழாத மாட்டுக்கு இரண்டாம் பாட்டில் தொடங்கும் முன் மறுபடி ஒரு குழாய் எடுங்கள். கால்சியம் ஏறியும் எழவில்லையென்றால் பாஸ்பரஸையும், தசைச் சேதத்துக்குக் கிரியேட்டின் கைனேஸையும் அதிலேயே பார்த்துச் சொல்கிறோம்.