பெரிய தாத்தா இடத்துல நின்ன அக்கா

நேத்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஃபேமிலி கான்ஸ்டலேஷன் செஷனுக்குப் போயிருந்தேன், நம்ம குடும்பத்து ஆளுங்க இடத்துல வேற யாரையாவது நிக்க வச்சு, அவங்களுக்கு என்ன தோணுதுன்னு கேக்குற ஒரு மாதிரி சிகிச்சை அது. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரங்க போட்ட சயாம் மரண ரயில் வேலைக்குப் போய்த் திரும்பியே வராத என் பெரிய தாத்தா இடத்துல, முன்னபின்ன தெரியாத ஒரு அக்காவ நிக்க வச்சேன், கொஞ்ச நேரத்துல அவங்க தலையக் குனிஞ்சு "காலு கனக்குது"ன்னாங்க, எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு.

ராத்திரி தூக்கம் வரல, இது எப்படி நடக்குதுன்னு தேடித் தேடிப் படிச்சேன். இத ஆரம்பிச்ச ஹெல்லிங்கர் ஜெர்மன்காரர், தென்னாப்பிரிக்காவுல பாதிரியாரா இருந்தவர். ஷெல்ட்ரேக்ன்னு ஒரு உயிரியல்காரர் சொன்ன மார்ஃபிக் ஃபீல்ட், அதாவது ஞாபகங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம் வழியா மத்தவங்களுக்கும் எட்டும்ங்கிற கருத்து, அதுதான் காரணம்னு நிறைய பேர் சொல்றாங்க, ஆனா விஞ்ஞானிங்க அத ஏத்துக்கல, ஆதாரமும் இல்ல. எபிஜெனெடிக்ஸ் (மரபணு மாறாம, அது வேலை செய்யுற விதம் மட்டும் மாறுறது) பக்கம் 2013ல வந்த ஒரு எலி ஆராய்ச்சி இருக்கு, ஒரு வாசனைக்குப் பயப்படப் பழக்குன எலியோட குட்டி, பேரக்குட்டி வரைக்கும் அதே வாசனைக்குத் திடுக்கிட்டுச்சாம். சரி, ஆனா என் குடும்பத்துக் கதை அந்த அக்கா காலுக்கு எப்படிப் போச்சு? அதுக்கு இதுல பதில் இல்லயே.

எனக்கு மனசுக்குப் படுறது வேற. அவங்கள யாரப் பாக்க, எவ்வளவு தள்ளி நிக்க வச்சேன்னு பாருங்க, அதுலயே பாதி கதைய நானே சொல்லிட்டேன், மீதிய என் மூஞ்சி சொல்லியிருக்கும், எல்லாருக்கும் முதுகு காட்டி தனியா நின்னா யாருக்குத்தான் கனக்காது? ஜெர்மனியில ஹைடெல்பர்க்ல இந்த மாதிரி செஷன 208 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சியில மனநிலை தேறுனதுன்னு வந்திருக்கு, ஆனா ஒப்பிட்டது இன்னும் செஷன் கிடைக்காம காத்திருந்தவங்களோடதான், வேற சிகிச்சையோட இல்ல.

பாட்டி சாகுற வரைக்கும் அவரப் பத்தி வாயே தொறக்கல. நேத்துதான் முதல் தடவையா அவரு பேர சத்தமா சொன்னேன்.