மகனை அனுப்பலாமா என்று கேட்டார்

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஆபத்துக் காரணிகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் அதில் யாரும் எதையும் எழுதுவதில்லை. கடும் மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயுடன் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் காரணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருப்பது சோம்பலால் அல்ல, நேர்மையால்தான் என்று மாணவர்களிடம் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு நோயாளியின் தாளில் மட்டும் இரண்டு வரிகள் எழுதினேன். முதல் வரி, நெடுங்காலப் பீடிப் பழக்கம். இரண்டாம் வரி, காலணிப் பட்டறையில் கரைப்பான் கலந்த பசையுடன் நெடுங்காலத் தொடர்பு. அந்த வரிசை சரிதானா என்பதை இன்றுவரை என்னால் முடிவுசெய்ய இயலவில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கமிருந்து ஒருவர் வந்தால் தொழில் என்ற இடத்தில் தோல் அல்லது ஷூ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவது எங்கள் வழக்கம். கட்டிங், அப்பர் (மேல்பாகம்) தைப்பது, லாஸ்டிங் (அச்சில் ஏற்றி வடிவமைப்பது), பேஸ்டிங் (பசை தடவி ஒட்டுவது), பேக்கிங் என்று ஷூ வேலையில் எத்தனையோ பிரிவுகள் உண்டு. பேஸ்டிங்கில் உட்காருகிறவர் சுவாசிக்கும் காற்றும் பேக்கிங்கில் நிற்கிறவர் சுவாசிக்கும் காற்றும் ஒன்றல்ல. இவர் பேஸ்டிங். அதுவும் பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் அல்ல, அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்துகொடுக்கும், பத்துப் பேர்கூட இல்லாத ஒரு பட்டறையில். சொல்யூஷன் என்று அவர்கள் சொல்லும் பசையைப் பிரஷ்ஷால் தொட்டு சோலில் தடவி, சற்றுக் காயவிட்டு, அப்பருடன் சேர்த்து அழுத்த வேண்டும். தூசி ஒட்டிவிடும் என்று ஜன்னலைத் திறப்பதில்லையாம்.

சிகிச்சையின் முதல் சுற்று முடிந்து ஓரளவு தேறியிருந்தபோதுதான் அவர் கேட்டார்: “டாக்டரம்மா, இது பீடியால வந்ததா, சொல்யூஷனால வந்ததா?”

எது என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டிலும் பென்சீன் என்ற ஒரே பொருள் இருக்கக்கூடும் என்றேன். புகையிலை எரியும்போது பென்சீன் உண்டாகிறது. சில கரைப்பான்களிலும் அது கலந்திருக்கிறது. மூச்சோடு உள்ளே போகும் பென்சீனைக் கல்லீரல் வேறு பொருள்களாக மாற்றுகிறது, அவை எலும்பு மஜ்ஜையை அடைந்து குயினோன்கள் என்ற நச்சுப் பொருள்களாகி, ரத்த அணுக்களைப் பிறப்பிக்கும் மூல செல்களின் குரோமோசோம்களைச் சிதைக்கின்றன. பீடியிலிருந்து வந்ததா, பட்டறையிலிருந்து வந்ததா என்ற அடையாளம் எதுவும் அந்தச் சிதைவில் மிஞ்சுவதில்லை. இதையெல்லாம் இயன்ற அளவு எளிமையாகச் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, “பீடி நான் காசு குடுத்து வாங்கினது. சொல்யூஷன் அவங்க குடுத்தது” என்றார்.

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்குள் அவருடைய மனைவி குறுக்கிட்டு, “பையனும் இப்ப அங்கதான் பேஸ்டிங் போறான். அனுப்பலாமா, வேணாமா?” என்று கேட்டார். “வேண்டாம்மா” என்று யோசிக்காமல் சொன்னேன்.

தகப்பனுக்குச் சொல்ல முடியாது என்றவள் மகனுக்கு மட்டும் எந்த ஆதாரத்தில் அவ்வளவு திட்டமாகச் சொன்னேன் என்று அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றுதான். இஸ்தான்புல்லின் காலணித் தொழிலாளர்களைப் பற்றி முசாஃபர் அக்சோய் என்ற ரத்தவியல் மருத்துவர் 1974இல் வெளியிட்ட கணக்கு இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது: சுமார் 28,500 தொழிலாளர்களில் 26 பேருக்கு லுகேமியா, ஆண்டுக்கு லட்சம் பேரில் 13 என்ற விகிதம், பொதுமக்களிடையே அது 6. ஏறத்தாழ இரு மடங்கு. இரு மடங்கு என்றால், அந்தப் பட்டறைகளில் நோய் கண்ட இருவரில் ஒருவருக்கு அது எப்படியும் வந்திருக்கும் என்று பொருள். அந்த ஒருவர் எவர் என்று எந்தச் சோதனையும் காட்டாது. நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் கேள்விக்கு இந்தக் கணக்கு உதவாமல் போவது இதனால்தான். இன்னும் நோய் வராத ஒரு பையனை அந்த வேலைக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கோ இதே கணக்கு தாராளமாகப் போதும். பென்சீன் பசையைக் கைவிட்ட சில ஆண்டுகளில் அங்கே புதிய நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்ததையும் அக்சோயே பதிவுசெய்திருக்கிறார்.

இதுவரை என் பக்கத்து நியாயம். ஆனால் அந்தப் பையன் மறுமுறை வந்தபோது சொல்யூஷன் டப்பாவைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினான். எளிதில் தீப்பற்றும் என்ற எச்சரிக்கைக்குப் பக்கத்தில் டொலுவீன் என்று இருந்தது. பென்சீன் என்ற பெயரே இல்லை. டொலுவீன் நரம்பு மண்டலத்துக்குக் கெடுதல் செய்யும், தலைவலியும் மயக்கமும் தரும், ஆனால் அது லுகேமியாவை உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. தொழிற்சாலைகளில் புழங்கும் மலிவான டொலுவீனில் பென்சீன் சிறிதளவு கலந்திருப்பது உண்டு. அந்த டப்பாவில் எவ்வளவு கலந்திருந்தது என்பது வேறு கேள்வி. அதை யாரும் அளந்ததில்லை. பட்டறைக் காற்றையும் அளந்ததில்லை. சிறுநீரில் அளக்கலாம் என்றால், பென்சீனின் எச்சங்கள் ஓரிரு நாளில் உடலை விட்டுப் போய்விடும், புகைப்பவரிடம் அவை எப்படியும் இருக்கும். நோய் வெளிப்படுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன, தடயம் அழிய இரண்டு நாள் போதும். அக்சோய் பார்த்த பட்டறைகளில் காற்றில் பென்சீன் பத்து லட்சத்தில் சில நூறு பங்குவரை இருந்தது; அதைக் கொண்டு இந்தப் பட்டறையை எடைபோட எனக்கு உரிமை உண்டா? சீனாவின் தியான்ஜின் நகரக் காலணித் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வில், பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவிலேயே வெள்ளணுக்கள் குறைந்திருந்தன என்பது 2004இல் வெளிவந்தது; அதை நினைத்தால் உரிமை உண்டு என்றும் தோன்றுகிறது.

வரிசையைப் பற்றி முதலில் கேள்வி எழுப்பியவர் எங்கள் பிரிவின் முதுநிலை மாணவர் ஒருவர். இரண்டாம் வரியே வேண்டாம், உறுதிப்படாததை ஏன் எழுத வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பீடியை நோயாளியே ஒப்புக்கொண்டார், புகைப்பழக்கத்துக்கும் இந்த லுகேமியாவுக்குமான காரணத் தொடர்பை 2004இல் அமெரிக்க அரசின் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கையே ஏற்றுக்கொண்டது. ஆனால் அவருக்குப் பதில் சொல்ல யோசித்தபோது எங்கள் வழக்கத்திலேயே ஒரு முரண்பாடு தெரிந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சில ஆண்டுகள் முன்பு கீமோதெரபி எடுத்த ஒருவர் இதே லுகேமியாவுடன் வந்தால் நாங்கள் தயங்குவதே இல்லை. ‘சிகிச்சைக்குப் பின் வந்த லுகேமியா’ என்று எழுதிவிடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே அதற்குத் தனி இடம் இருக்கிறது. அங்கேயும் அந்த ஒரு நோயாளிக்குக் காரணத்தை யாரும் நிரூபிப்பதில்லை, மருந்து எடுத்தார் என்ற வரலாறு ஒன்றே போதுமானதாகிறது. நாங்கள் கொடுத்த மருந்தால் வந்தது என்று எழுதக் கை கூசாத நான், பட்டறை கொடுத்த பசையால் வந்திருக்கலாம் என்பதை இரண்டாம் வரியில் எழுதினேன். மருந்தின் அளவு மில்லிகிராம் கணக்கில் எங்கள் கோப்பில் இருக்கிறது, பசைக்குக் கோப்பு இல்லை என்பதே வித்தியாசம். கோப்பு இல்லாமல் போனது தொழிலாளியின் பொறுப்பு அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.

வரிசைக்கு என்ன முக்கியம் என்று கேட்கலாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் பென்சீனால் வரும் நோய்கள் தொழில்நோய்ப் பட்டியலில் இருந்தன; 2025இல் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதம் இருந்தவருக்கு அது வந்தால், மறுதரப்பு மாறாக நிரூபிக்காதவரை வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். அப்படி ஒரு வழக்கு வந்தால் மறுதரப்பு முதலில் கையிலெடுப்பது என்னுடைய முதல் வரியாகத்தான் இருக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, பென்சீன் நச்சு உள்ளிட்ட நோய்களைத் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கும் கடமையை மருத்துவருக்குத் தந்திருந்தது. அந்தப் பட்டறையோ தொழிற்சாலை என்ற வரையறைக்குள்ளேயே வராதது. இப்படிச் சொல்வது வசதியான சாக்குப்போலத் தெரியலாம். சாக்கு என்றே எனக்கும் சில நாள் தோன்றுகிறது.

வார்டில் நாங்கள் கொடுக்கும் தடுப்புத் துண்டுப்பிரசுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புகைக்காதீர்கள், உடல் எடையைக் கட்டுக்குள் வையுங்கள், தேவையில்லாமல் ஸ்கேன் எடுக்காதீர்கள், பென்சீன் போன்ற ரசாயனங்களைத் தவிருங்கள் என்று எல்லாமே படிப்பவரை நோக்கிய கட்டளைகள். பீடியை விடச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அது நிச்சயமாகப் பயன் தரும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும்கூட. ரசாயனத்தைத் தவிருங்கள் என்பதை மட்டும் யாரிடம் சொல்கிறோம்? ஜன்னலைத் திறக்கவோ, உறிஞ்சு விசிறி பொருத்தவோ, நீர் அடிப்படையிலான பசைக்கு மாறவோ முடிவெடுப்பவர் எங்கள் வார்டுக்கு வருவதில்லை. இத்தாலி 1963இல் சட்டம் போட்டுத்தான் வேலையிடங்களில் பென்சீனைக் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் 1978இல் கொண்டுவந்த கடுமையான வரம்பை, போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1980இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. அதே வரம்பு மீண்டும் வர 1987 ஆயிற்று. பென்சீனுக்கு முற்றிலும் பாதுகாப்பான ஒரே அளவு பூஜ்யம் என்று அங்குள்ள எண்ணெய் நிறுவனங்களின் சங்கமே 1948இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில் எழுதியிருந்தது.

மகன் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. தகப்பனின் அடுத்த சுற்று மருந்துக்கு அந்தக் கூலிதான் வந்தது என்று அவனே சொன்னான், அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நான் சொன்ன ‘வேண்டாம்’ அந்த வீட்டில் என்ன செய்தது என்று யோசிக்கிறேன். போகக்கூடாத இடம் என்று தெரிந்துகொண்டே தினமும் போகிற நிலைக்கு அவனைக் கொண்டுவந்தேனா, அல்லது தெரியாமலே போவதைவிட இது மேலா? பட்டறை முதலாளியிடம் கேட்டு லாஸ்டிங்குக்கு மாற முடியுமா என்று பார்க்கச் சொன்னேன், ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன், கையைத் தின்னர் என்ற கரைப்பானால் கழுவாதே, பீடியை மட்டும் பழகிவிடாதே என்றேன். பீடியைப் பற்றிச் சொன்னதற்குத்தான் அவன் உடனே தலையாட்டினான்.

அதன்பின் இன்னொரு பேஸ்டிங் தொழிலாளி அதே நோயுடன் வந்தார். அவருடைய தாளில் தொழிலை முதல் வரியில் எழுதினேன். அவர் புகைத்ததே இல்லை என்பதால் இரண்டாவது வரிக்கே வேலை இருக்கவில்லை. வரிசையைப் பற்றிய என் கேள்வி அங்கே சோதிக்கப்படவும் இல்லை.